முகப்பிலிருந்து அடுப்படி வரை: அபூர்வ ஆங்கிலச் சொற்களைச் செட்டிநாட்டு வீட்டுக்குள் வைத்துக் கற்கும் வழி

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது என் வேலை. தொடங்கிய புதிதில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு, “இது டெரலிக்டா?” என்று கேட்டார்கள். பழசா என்று கேட்கிறார்கள் போல என நினைத்து ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி, “என்ன தம்பி கேக்குறாக?” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரவு அகராதியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. உடையவர்கள் கைவிட்டுப்போய், கேட்பாரற்றுக் கிடக்கும் கட்டடத்துக்குத்தான் அந்தச் சொல். அந்த வீட்டுக்காரர்களோ கைவிடவே இல்லை. வெளியூரில் பிழைத்தாலும் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து, கதவைத் திறந்து, நடுமுற்றமான வளவைக் கழுவி, விளக்கேற்றிவிட்டுத்தான் போகிறார்கள். அவர்கள் வீட்டைப் பற்றி நானே தவறான சாட்சி சொன்னதுபோல ஆகிவிட்டது. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

அன்று எடுத்த நோட்டில்தான் இந்த முறை உருவானது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர், சுற்றுலா வேலை பார்க்கிறவர், ஆங்கிலத்தில் படிக்க ஆசைப்படுகிறவர் என எல்லாருக்கும் இது உதவும். ஆயிரம் சொல் கொண்ட பட்டியலை உருப்போடுவதை விட, கண்ணெதிரே இருக்கும் பொருளோடு பத்துச் சொல்லைக் கட்டிப்போடுவது மேல். செட்டிநாட்டில் அப்படிக் கட்டிப்போடப் பொருளுக்குப் பஞ்சமில்லை.

ஒரு குறிப்பு. கீழே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அசை அசையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறேன்; அழுத்திச் சொல்ல வேண்டிய அசை எது என்பதை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பையே அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். அமெரிக்க வழக்கு வெகுவாக மாறும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

படி 1: கண்ணை மூடிக் காதைத் திற

நாம் பெரும்பாலும் புதிய ஆங்கிலச் சொல்லை முதலில் அச்சில்தான் சந்திக்கிறோம். தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறோம். தவறு அங்கேதான் விழுகிறது. ஒருமுறை விழுந்துவிட்டால் எடுப்பது கஷ்டம்.

அதனால் புதுச் சொல் கிடைத்ததும் கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் இணைய அகராதியைத் திறந்து ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டுங்கள். இரண்டும் இலவசம். பிரிட்டன், அமெரிக்கா என இரண்டு உச்சரிப்பும் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். காதில் விழுந்ததைத் தமிழில் எழுதுங்கள். அதற்குப் பிறகே ஆங்கில எழுத்தைப் பாருங்கள்.

அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் சாய்கோடுகளுக்குள் விசித்திரமான எழுத்துகள் இருக்கும். அவை அனைத்துலக ஒலிக்குறிகள். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், நான்கு போதும். மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோடு, அடுத்து வரும் அசையை அழுத்து என்கிறது. இரண்டு புள்ளி வந்தால் நெடில். தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ‘இ’ எழுத்து வந்தால் தேய்ந்த உயிரொலி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ‘ஜே’ எழுத்து வந்தால் அது ‘ய’ ஒலி. இந்தக் கடைசிக் குறிதான் பலரை ஏமாற்றும்.

படி 2: தமிழில் குறித்துக்கொள்ள மூன்று விதி

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறிப்பது தப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கவனமாகக் குறித்தால் தமிழ் எழுத்து நன்றாகவே உதவுகிறது.

சொல்லின் நடுவில் ஒற்றை வல்லினம் வந்தால் நாம் அதை மென்மையாக, தொண்டை அதிரச் சொல்வோம். இரட்டித்தால் வன்மையாகச் சொல்வோம். ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இதையே பயன்படுத்திக்கொள்ளலாம். ‘ரேப்பிட்’ என்றால் வேகமானது. ‘ரேபிட்’ என்றால் வெறிநாய்க்கடி நோய் பிடித்தது. ஒரு பகரப் புள்ளியில் அவ்வளவு வித்தியாசம். சொல்லின் முதலில் இந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது. அங்கே அதிரும் ஒலியின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘இ’ சேர்க்காதீர்கள். நம் நாக்கு ‘இஸ்டக்கோ’ என்று போகப் பார்க்கும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு சீறுவதுபோல நீட்டித் தொடங்கி ‘டக்கோ’வில் இறங்கினால் அந்த ‘இ’ தானாக விழுந்துவிடும்.

மூன்றாவது, அதிரும் ‘ஸ’, அதிரும் ‘ஷ’. தொண்டையில் விரல் வைத்து ‘ஸ்ஸ்’ சொல்லுங்கள், அதிராது. தேனீபோல ரீங்காரமிட்டால் அதிரும். அதுதான் ‘ஸீப்ரா’வின் முதல் ஒலி. ‘ட்ரெஷர்’, ‘மெஷர்’ சொற்களின் நடுவில் வருவது அதிரும் ‘ஷ’. நம் ‘ழ’வை ஆங்கிலத்தில் ‘இஸட்-ஹெச்’ என்று இரண்டு எழுத்தால் எழுதுகிறோம் அல்லவா? அதைப் படிக்கும் வெளிநாட்டார் இந்த அதிரும் ‘ஷ’வைத்தான் சொல்கிறார்கள். காரைக்குடி உணவகப் பட்டியலில் கோழி வறுவல் அவர்கள் வாயில் ‘கோஷி’ ஆவது இதனால்தான். அவர்கள்மேல் தப்பில்லை.

படி 3: அழுத்தம்

இந்த ஒரு படியை மட்டும் பழகினால்கூடப் போதும் என்பேன். தமிழில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும்: கல், கால். ஆங்கிலத்தில் அந்த வேலையை அழுத்தமும் செய்கிறது. ஒரே எழுத்துகளால் ஆன ஒரு சொல்லை முதல் அசையை அழுத்தி டெ-ஸட் என்றால் பாலைவனம்; இரண்டாவதை அழுத்தி டி-ஸர்ட் என்றால் கைவிட்டுப் போவது. அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்கு அது வேறு சொல்லாகவோ புரியாத சொல்லாகவோ போய்விடும். ஒலி கொஞ்சம் பிசகினால் மன்னிப்பார்கள். அழுத்தம் பிசகினால் “என்ன சொன்னீர்கள்?” என்று திரும்பக் கேட்பார்கள்.

அழுத்தம் என்றால் கத்துவது இல்லை. அந்த அசையைக் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் ஏற்றி, தெளிவாகச் சொல்வது. மற்ற அசைகளை விரைந்து தேய்த்துவிடுவது. உள்ளங்கையால் தொடையில் தாளம் போட்டுப் பழகுங்கள். அழுத்த அசைக்கு மட்டும் அடி.

எந்த அசையில் அழுத்தம் என்று சொல்லின் வால் பல நேரம் காட்டிக்கொடுக்கும். ‘இக்’, ‘ஷன்’, ‘இட்டி’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை. ‘அரித்மெடிக்’, ‘லூனடிக்’ போன்று சில விலக்குகள் உண்டு. ‘கிராஃபி’, ‘லஜி’, ‘கமி’ என்று முடிந்தால் அதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் அசை. அதனால்தான் ஃபோட்-ட-கிராஃப் என்பது ஃப-டாக்-ர-ஃபி ஆகிறது. பிரெஞ்சு வழியாக வந்த ‘எஸ்க்’, ‘எட்’, ‘ஏட்’, ‘இயர்’ வால்களில் அழுத்தம் பெரும்பாலும் வாலிலேயே விழும்: பிக்-ச-ரெஸ்க், அதாவது படம் எடுத்து வைத்தாற்போல் அழகானது. இந்தச் சொல்லை ‘பிக்சரஸ்க்யூ’ என்று படிக்கிறவர்கள் ஏராளம். அதன் கடைசி நான்கு எழுத்தும் சேர்ந்து ஒரே ஒரு ‘ஸ்க்’ ஒலிதான்.

படி 4: தேய்ந்த உயிர்

அழுத்தம் விழாத அசைகளில் உயிரொலி தேய்ந்து ஒரு சின்ன ‘அ’ மாதிரி ஆகிவிடும். எழுத்தில் ஏ, இ, ஐ, ஓ, யு எது இருந்தாலும் இதே கதிதான். இதற்கு ‘ஷ்வா’ என்று பெயர். தலைகீழ் ‘இ’ என்று சொன்னேனே, அது இதன் குறி.

நமக்கு இது புதிதில்லை. ‘முகப்பு’, ‘வீடு’, ‘விளக்கு’ என்று சொல்லும்போது கடைசி ‘உ’ முழுதாக ஒலிக்கிறதா? உதடு குவியாமல் பாதி அளவில் போய்விடுகிறது. குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தோமே, ஒரு மாத்திரை அரை மாத்திரையாகக் குறையும் என்று, அதேதான். ஒலி வேறு, தேயும் பழக்கம் ஒன்று. ஆங்கிலத்தில் சொல்லின் எந்த இடத்திலும் இப்படிக் குறுகும் என்பதே வித்தியாசம். நம் உச்சரிப்பு ‘கனமாக’ இருக்கிறது என்று அவர்கள் சொல்வதற்கு முக்கியக் காரணம், நாம் எல்லா உயிரையும் முழு மாத்திரை கொடுத்துச் சொல்வதுதான்.

படி 5: வீட்டுக்குள் ஒரு நடை

இனி சொற்கள். வாசலிலிருந்து தொடங்குவோம்.

முகப்புக்கு ஆங்கிலத்தில் ஃப-சாட். எஃப், ஏ, சி, ஏ, டி, இ என்று எழுதுவதால் பலர் ‘ஃபகேட்’ என்பார்கள். பிரெஞ்சுச் சொல், அங்கே ‘சி’யின் கீழ் ஒரு சிறு கொக்கி இருக்கும், அது ‘ஸ’ ஒலியைக் காட்டும். ஆங்கிலத்தில் கொக்கியைப் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். முகத்தைக் குறிக்கும் ‘ஃபேஸ்’ என்ற சொல்லுக்கு இது உறவு. முகம், முகப்பு என்று நாமும் அதே வழியில்தான் போயிருக்கிறோம். இன்னொரு பொருளும் உண்டு: உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று காட்டுவது.

முகப்பின் மேலே வரிசையாகக் குடம்போல் பருத்த குட்டைத் தூண்கள் கொண்ட கைப்பிடி இருக்கும். பேல-ஸ்ட்ரேட். இதற்கு மூலமான இத்தாலியச் சொல் மாதுளம்பூவைக் குறிப்பது. பாதி விரிந்த மாதுளம்பூவின் பருத்த அடிப்பகுதியைப் பாருங்கள், பிறகு அந்தத் தூணைப் பாருங்கள். இனி மறக்காது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பே-ர-பெட். இதுவும் இத்தாலியிலிருந்து வந்தது, நெஞ்சைக் காப்பது என்று பொருள். நெஞ்சளவு உயரம்தானே இருக்கிறது!

முகப்பில் அமர்ந்திருக்கும் கஜலட்சுமி, பக்கத்தில் காவலுக்கு நிற்கும் சிப்பாய்கள் எல்லாம் சுதை வேலை. சுதைக்கு நேர் சொல் ஸ்டக்-கோ. சுண்ணாம்புப் பூச்சையும் அதில் செய்த உருவங்களையும் சேர்த்தே குறிக்கும். ‘சிமென்ட் பொம்மை’ என்று தவறாக மொழிபெயர்க்காதீர்கள். சுண்ணாம்பை வாரக்கணக்கில் புளிக்க வைத்து வேலை செய்த கொத்தனார்களுக்கு அது நியாயமாகாது.

உள்ளே போனால் வளவு. நடுவில் திறந்த வானம், நான்கு பக்கமும் சரிந்த ஓட்டுக்கூரை, மழை பெய்தால் தண்ணீர் நடுமுற்றத்தில் கொட்டும். படித்த விருந்தினர் சிலர் இதைப் பார்த்ததும் இம்-ப்ளூ-வி-யம் என்பார்கள். பழைய ரோமாபுரி வீடுகளில் கூரைத் திறப்பின் கீழே மழைநீர் பிடிக்கக் கட்டிய தொட்டி அது. லத்தீனில் மழை பொழிவதைக் குறிக்கும் சொல் அதற்குள் இருக்கிறது. ஒப்பிட்டுச் சொல்ல நல்ல சொல், ஆனால் வளவுக்குப் பெயராக வைக்க முடியாது. நான் ‘வளவு’ என்றே சொல்லி, பிறகு ‘கோர்ட்யார்ட்’ என்று விளக்கி, அதன்பின் இந்த ரோம ஒப்புமையைச் சொல்வேன். கேட்கிறவர்கள் ‘வளவு’ என்ற சொல்லைத் தங்கள் குறிப்பில் எழுதிக்கொண்டு போகும்போது மனம் நிறைகிறது.

வளவைச் சுற்றித் தூண்கள் வரிசையாக நிற்பது கா-ல-னேட். தூணைக் குறிக்கும் கா-லம் என்ற சொல்லின் கடைசி ‘என்’ ஒலிக்காது. சுவரில் விளக்கு வைக்கும் மாடம் நீஷ். அமெரிக்காவில் நிச் என்பாரும் உண்டு. தனக்கென்று அமைந்த தனி இடம் என்றும் வணிகத்தில் ஒரு சிறு தனிச் சந்தை என்றும் பொருள் விரிந்திருக்கிறது. மாடத்தில் அகல் விளக்கு கச்சிதமாக உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டால் மூன்று பொருளும் ஒன்றாகிவிடும்.

கூடத்தின் சுவர் மிக உயரத்தில் முடியும் இடத்தில், வண்ணக் கண்ணாடி போட்ட சின்னச் சன்னல்கள் வரிசையாக இருக்கும். அதற்கு கிளிய-ஸ்டோ-ரி. எழுத்தைப் பார்த்தால் ‘க்ளெரஸ்டரி’ என்று படிக்கத் தோன்றும். ‘கிளியர்’, ‘ஸ்டோரி’ இரண்டும் சேர்ந்த சொல் இது. கதை என்ற ஸ்டோரி அல்ல, மாடி என்ற பொருளுடைய ஸ்டோரி. வெளிச்சத்துக்காக விட்ட மேல்வரிசை.

அடுத்து தரை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இன்-காஸ்-டிக் என்ற சொல்லைப் போடுவார்கள். கிரேக்க மூலம், சுட்டுப் பதித்தது என்று பொருள். ஐரோப்பாவில் களிமண் கலவைகளில் கோலம் பதித்துச் சூளையில் சுட்ட தரைக்கற்களுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. ஆத்தங்குடிக் கல் சூளையைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் இட்டு, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு இறுக வைப்பது. அதன் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. வியாபாரத்தில் சொல் ஒட்டிக்கொண்டதால் சிமென்ட் தரைக்கற்களையும் அப்படியே அழைக்கிறார்கள். நீங்கள் ‘ஹேண்ட்மேட் சிமென்ட் டைல்’ என்று சொன்னால் உண்மைக்கு நெருக்கம். வேர்ச்சொல் தெரிந்தால் இப்படி ஒரு தவறைப் பிடிக்கலாம். எழுதும் மை என்ற ‘இங்க்’ என்ற சொல்லும் இதே கிரேக்க வேரிலிருந்து சுற்றி வளைத்து வந்ததுதான்.

சில வீடுகள் 1930, 40களில் கட்டியவை. வளைந்த மூலைகளும் கோடுகோடான முகப்பும் இருக்கும். அது ஆர்ட் டெக்-கோ. 1925ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து சுருங்கிய சொல்.

அடுப்படிக்கு வருவோம். சமையல் மரபு என்ற பொருளில் வருவது க்வி-ஸீன். ‘குசைன்’ இல்லை. கல்பாசிக்கு ஆங்கிலம் கேட்டால் பலர் பூ என்றோ பாசி என்றோ சொல்லிவிடுவார்கள். அது லை-கன், பூஞ்சையும் பாசியும் ஒன்றை ஒன்று அண்டிச் சேர்ந்து வாழும் உயிர். எழுத்தில் ‘சி-ஹெச்’ இருக்கிறது, ஒலியோ ‘க’. ஏன் என்பது அடுத்த படியில்.

படி 6: எழுத்தின் ஊரைக் கண்டுபிடி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கடைகளில் ரங்கூனும் பெல்ஜியமும் இத்தாலியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். ஆங்கில அகராதியும் அப்படித்தான். ஒரு சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்தால் உச்சரிப்பு பாதி தெரிந்த மாதிரி.

‘சி-ஹெச்’ இரட்டை எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பழங்காலத்திலிருந்தே ஊறிய சொல் என்றால் ‘ச’: செஸ்ட், அதாவது பெட்டி. பிரெஞ்சு என்றால் ‘ஷ’: ஷேன்-ட-லியர், கூடத்தில் தொங்கும் சரவிளக்கு, கேஷ், ஒளித்து வைத்த குவியல், பணம் என்ற ‘கேஷ்’ போலவே ஒலிக்கும். கிரேக்கம் என்றால் ‘க’: ஆ-கே-யிக், வழக்கொழிந்த, ஆ-கைவ், ஆவணக் காப்பகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும் அவர் 1992ல் மறைந்த பிறகு சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக ஆயின. ‘ஆர்ச்சிவ்’ என்று யாராவது சொன்னால் கோட்டையூரை நினைத்து ‘ஆகைவ்’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கடையில் முதலில் கேட்கும் சொல் ஆன்-டீக். ‘க்யூ’வில் முடியும் பிரெஞ்சுச் சொற்களில் கடைசி இரண்டு எழுத்தும் ஊமை. பித்தளைக் குத்துவிளக்கில், தேக்கு மேசையில், காலமும் கையும் பட்டுப்பட்டு ஏறிய மெருகு பே-டி-னா. அமெரிக்கர் ப-டீ-னா என்பார்கள். அழுக்கு என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தால் விலை குறைந்துவிடும். ஒரு பொருள் யார் வீட்டிலிருந்து எந்தக் கைகள் மாறி வந்தது என்ற வரலாறு ப்ரா-வ-னன்ஸ். மேலே நல்ல மரத்தின் மெல்லிய தகடு ஒட்டியது வ-னியர். மனிதர்களின் மேற்பூச்சு மரியாதைக்கும் இதே சொல். பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி லேக்-க. அரக்குக்கான சமஸ்கிருத ‘லாக்ஷா’தான் ஊர் சுற்றி இப்படி ஆனது. ஆச்சிகள் சொல்லும் மங்குச் சாமான் இ-னே-மல், அழுத்தம் இரண்டாவதில். பீங்கான் போர்-ஸ-லின், இத்தாலியில் சோழிக்குச் சொன்ன பெயர் இது. சோழியின் வழவழப்பைப் பீங்கானில் கண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஏர்-லூம். முதல் ‘ஹெச்’ ஊமை. ‘ஹவர்’, ‘ஆனஸ்ட்’, ‘ஆனர்’ குடும்பம். ‘ஏர்’ என்றால் வாரிசு. ‘லூம்’ என்றதும் தறி என்று நினைப்போம். பழைய ஆங்கிலத்தில் அது கருவி, தட்டுமுட்டு என்ற பொதுப் பொருளில் வந்தது. ஆக, வாரிசுக்கு வரும் சாமான். செட்டிநாட்டில் ‘சாமான்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று தெரியுமல்லவா? பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். அந்தச் சீருக்கு ட்ரூ-ஸோ என்று ஒரு சொல் உண்டு. மூட்டை என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கடைசி மூன்று எழுத்தும் சேர்ந்து ஒரே ஓகாரம்.

கிரேக்கக் குடும்பத்தில் இன்னொரு விஷயம். அங்கிருந்து வந்த சில சொற்களின் கடைசி ‘இ’ ஒலிக்கும். இ-பி-ட-மி, ஒன்றின் முழு உருவாக நிற்பது. ஹை-பர்-ப-லி, உயர்வு நவிற்சி. இவற்றை ‘எபிடோம்’, ‘ஹைபர்போல்’ என்று மேடையிலேயே கேட்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை பெட்டியடியில் உட்கார்ந்து எழுதிய காலத்துச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடமானம் மார்-கிஜ்; ‘டி’ ஊமை. பழைய பிரெஞ்சில் ‘செத்த ஈடு’ என்று பொருள். 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் கடனுக்கு ஈடாக வந்த நெல் வயல்கள் கையில் தங்கி, பிறகு யுத்தத்தில் கைவிட்டுப் போனதை நினைத்தால் அந்தப் பெயரின் கனம் தெரியும். அநியாய வட்டி யூ-ஷ-ரி, அதிரும் ‘ஷ’. கடன் தீரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை லீ-அன் அல்லது லீன். கடன் என்ற ‘டெட்’ சொல்லில் வரும் ‘பி’ ஒருநாளும் ஒலித்ததில்லை. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பண்டிதர்கள் பின்னாளில் சொருகியது. கப்பலேறிய துறை கீ. சாவி மாதிரியே ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து ‘க்வே’ என்று சொல்லாதீர்கள்.

படி 7: நம்மிடமிருந்து போன சொற்களைத் தொட்டுப் பார்

மிளகுத்தண்ணி ம-லி-க-டா-னி ஆனது. சுருட்டு ஷ-ரூட் ஆனது. கட்டுமரம் கே-ட-ம-ரன் ஆனது. குருந்தக்கல் க-ரன்-டம் ஆனது. இந்தக் கடைசிச் சொல்லைச் செட்டிநாட்டார் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பர்மாவிலிருந்து வந்து நகைகளில் ஏறிய சிவப்புக்கல் கரன்டம் என்ற கனிமம்தான், நீலக்கல்லும் அதுவே. சிவப்பு நிறம் அதில் கலந்த குரோமியத்தால் வருகிறது. தேக்கு போர்த்துகீசியர் வாய் வழியாக ‘டீக்’ ஆனது. கிட்டங்கி, கிடங்கு, மலாயின் ‘குடாங்’, ஆங்கிலத்தின் ‘கோடவுன்’ எல்லாம் ஒரு குடும்பம் என்பார்கள்.

இவற்றைத் தமிழ் மாதிரியே சொன்னால் ஆங்கிலேயருக்குப் புரியாது. ‘கட்டுமரன்’ என்று முதல் அசையை அழுத்தாமல், கடைசி அசையில் அடி வையுங்கள். அதேபோல ‘கோடவுன்’ இந்தியாவுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. அவர்களிடம் ‘வேர்ஹவுஸ்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

படி 8: பொருளின் சாயலைப் பார்

உச்சரிப்பு சரியாக இருந்து பொருள் சாய்ந்துவிட்டால் இன்னும் மோசம். அகராதியில் முதல் வரியோடு நிறுத்தாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இரண்டாவது படியுங்கள். புகழ்கிறதா, பழிக்கிறதா என்று கேளுங்கள்.

ஆப்-யு-லன்ட் என்றால் செல்வச் செழிப்பானது. ஆ-நேட் என்றால் நுண்வேலைப்பாடு நிறைந்தது. செல்வத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆஸ்-டென்-டே-ஷஸ் என்றால் ஊர் பார்க்க வேண்டும் என்று பகட்டுவது; இதில் குறை தொனிக்கும். கதவு நிலையில் உள்ள மரவேலைக்கு இரண்டாவது சொல் பொருந்தும். வீட்டுக்காரர் முன்னால் மூன்றாவதைச் சொன்னால் அவர் மனம் நோகும்.

இப்போது அந்தப் பழைய சொல்லுக்கு வருகிறேன். டி-லே-பி-டே-டெட் என்றால் சிதிலமடைந்தது. கல் என்ற பொருளுள்ள லத்தீன் ‘லேபிஸ்’ இதற்குள் இருக்கிறது. ரேம்-ஷக்-ல் என்றால் கட்டியபோதே ஒழுங்கில்லாமல் கட்டி, இப்போது ஆட்டம் காண்பது. நம் கொத்தனார்கள் வேலைக்கு ஒருநாளும் பொருந்தாது. டெ-ர-லிக்ட் என்றால் கைவிடப்பட்டது. பூட்டியிருக்கும் வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் இன்று நான் சொல்வது, “லாக்ட், நாட் டெரலிக்ட்.” பிறகு படைப்பைப் பற்றியும் சொல்கிறேன். நகரத்தாரின், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின், ஒன்பது கோயில் பிரிவுகளையும், ஒரே பிரிவுக்குள் பொதுவாகப் பெண் கொடுத்து எடுக்காத வழக்கத்தையும் சொல்லும்போது எக்-ஸா-க-மி என்ற சொல் உதவுகிறது. வெளியே என்ற ‘எக்ஸோ’வும் மணம் என்ற ‘கமி’யும் சேர்ந்தது. வம்சாவளி ஜீ-னி-ஏ-ல-ஜி, ‘ஆலஜி’ அல்ல, எழுத்தும் ‘ஓ’ இல்லை, ‘ஏ’.

படி 9: நோட்டு

ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். மேலே ஆங்கில எழுத்து, கீழே தமிழில் பிரித்த உச்சரிப்பு, அழுத்த அசைக்குச் சிவப்பு மை. அடுத்து தமிழ்ப் பொருள், அந்தப் பொருளை நீங்கள் பார்த்த இடம், சொந்தமாக ஒரு வாக்கியம். சொல்லை அதன் துணையோடு எழுதுங்கள்: ஏர்லூம் என்றால் அது தலைமுறை தாண்டி ‘பாஸ் டவுன்’ ஆகும், மார்கிஜ் என்றால் அதை ‘ரிடீம்’ செய்து மீட்பார்கள். துணையில்லாமல் கற்ற சொல் பேச்சில் வராது.

வாரத்துக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், ஒரு மாதம் கழித்து என நான்கு முறை திரும்பிப் பாருங்கள். பார்க்கும்போது தமிழ்ப் பக்கத்தை மட்டும் காட்டி ஆங்கிலத்தை வாயால் சொல்ல வேண்டும். எதிர்த்திசையில் படித்தால் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வரும். கைபேசியில் உங்கள் குரலைப் பதிந்து, அகராதியின் குரலை அடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதல் வாரம் கேட்கவே கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் நோட்டோடு ஒரு பழைய வீட்டுக்கோ முனீஸ்வரன் கோயில் தெருவுக்கோ போங்கள். ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று அதன் பெயரை ஒரு முழு வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைக்காரர் என்ன என்று கேட்டால் சொல்லிக்கொடுங்கள். பேட்டினா என்ற சொல்லை நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த முறை போனபோது ஒரு குத்துவிளக்கைத் துடைக்காமல் தனியே எடுத்து வைத்திருந்தார்.